பத்துப் பேணி

மல்லாவியில் இருந்து கல்விளானுக்குப் பட்டாவில் போனோம்.
பின்னுக்குக் காற்றுக்கோட்டை சுருண்டு கிடந்தது,
மழையில் நனைந்த எருமை மாதிரிப் பாரம்.
அதன்மேல் கஜீபன்.
அவன் மடியில் அதிர்ஷ்டச் சக்கரம்,
குழிக்குக் குழி
யாருக்கோ சவர்க்காரம் விழுத்திக்கொண்டு வந்தது.

விலை முன்னமே பேசியாச்சு.
கோட்டை மூன்று மணித்தியாலம், பதினெட்டாயிரம்.
வளையம், தூண்டில் மீன், பேணியடி
சேர்த்து ஒன்பது.
ஜெனரேற்றருக்கு எண்ணெய் உங்கட செலவு.
கிழிந்தால் உங்கட, மழை வந்தால் என்ர.
ஸ்காபரோவில் இருந்து சின்ன மாமா
குரல்பதிவில் சம்மதித்தார்:
"பிள்ளையின்ர சாமத்தியவீடு. ஒரு குறையும் வைக்காதேங்கோ, தங்கச்சி."
குறை வைக்க என்னட்டை என்ன கிடக்கு?
பத்து மீன்பேணி, ஆறு துணிப்பந்து,
இருபத்திரண்டு வளையம்.
வாங்கினது இருபத்தைந்து.
மூன்று, முழங்காவில் பாலர் பாடசாலையில்
வளையலாகிப் போய்விட்டது.

வளவு நல்ல சமன்.
கஜீபன் இரும்பு முளையைத் தூக்க
புவனமலர் பட்டுச்சேலையோடு ஓடிவந்தா.
"ஆழமா ஒண்டும் இறக்காதேங்கோ. மண்மூட்டை தாறன்."
காரணம் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
மூலைக்கு இரண்டாய் எட்டு மூட்டை.
கோட்டை மூச்சு வாங்கியது.
ஒரு கோபுரம் உடனே எழும்பியது.
மற்றது கொஞ்சம் யோசித்தது.

மேடையில் யதுர்சிகா.
அவள் இருந்த சிம்மாசனமும் வாடகை,
கிளிநொச்சிக்காரனுடையது.
அவனும் நானும் படலையடியில் தலையாட்டிக்கொண்டோம்.
நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் வாடகை,
பின்னால் நின்ற மயிலும் வாடகை.

கிராமசேவகர் வளையம் எறிந்து சீப்பு வென்றார்,
வழுக்கைத் தலையைத் தடவிச் சிரித்தார்.
மூன்று பெரியம்மாமார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
தூண்டிலோடு குந்தினார்கள்,
காந்தமீனுக்குச் சண்டை.
செருப்பு மலைபோல் குவிய
கோட்டைக்குள் முழு ஊர்ப் பிள்ளைகளும் துள்ளின.
ஒவ்வொரு முறை பேணி சரியும்போதும்
மேடையில் அந்தத் தலை திரும்பும்.
"இஞ்ச பாரும்மா, இஞ்ச" என்பான் படக்காரன்.
அவள் பார்ப்பாள்.
பிறகும் பேணி சரியும்.

ஆறு மணிக்குக் காற்றைத் திறந்துவிட்டோம்.
கோட்டை படுத்தது.
பேணிகளைச் சாக்கில் போட்டுக் கட்டும்போது
முன்னால் வந்து நின்றாள்,
பாதி கழற்றிய சோடனை, ஒரு காதில் மட்டும் தோடு.
"அன்ரி, ஒரு தரம்."
"நேரம் முடிஞ்சுது, பிள்ளை."
அன்பளிப்புக் கவர் ஒன்றைக் கிழித்து
ஐந்நூறு ரூபாய் நீட்டினாள்.
மிச்சம் குடுக்கச் சில்லறை இல்லை.
சாக்கை அவிழ்த்தேன்.

நாலு, மூன்று, இரண்டு, ஒன்று.

முதல் பந்து
படலையில் கட்டிய வாழைக்குப் போனது.
இரண்டாவதற்கு முன் வளையல்களை உருவி
கஜீபன் கையில் குடுத்தாள்.
அதுவும் பிசகியது.
மூன்றாவதற்கு ஒரு காலைப் பின்னால் வைத்தாள்.
பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடுகிறவளாம்,
பிறகுதான் சொன்னார்கள்.
எல்லாரும் உச்சியைத்தானே பார்த்து எறிவார்கள்.
அவள் அடி வரிசையின் மூலைக்கு எறிந்தாள்.

ஒன்பது விழுந்தது.
ஒன்று தன்னைச் சுற்றிச் சுற்றி
நின்றேவிட்டது.

தகப்பன் தூக்கிப் பிடித்த போனுக்குள் இருந்து
சின்ன மாமா கத்தினார்:
"குடுங்கோ தங்கச்சி, பெரிய கரடியைக் குடுங்கோ!
காசு நான் தாறன்."
"வேண்டாம் மாமா. அது விழேல்லை," என்றாள்,
நின்ற பேணியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

இரவு மல்லாவியில் சாக்கைக் கொட்டி எண்ணினோம்.
ஒன்பது.
கஜீபன் பட்டாவின் அடிவரைக்கும் டோர்ச் அடித்துப் பார்த்தான்.
எனக்குத் தெரியும் அது எங்கே என்று.
முற்பணத்தில் முந்நூற்றைம்பது கழித்து
கணக்குக் கொப்பியில் எழுதினேன்:
கல்விளான், பேணி ஒன்று.

சனிக்கிழமை ஒட்டுசுட்டானில் வாசிகசாலைத் திறப்பு.
பத்து வேண்டும்.
சந்திக்கடை பூட்ட முன் அவனை அனுப்பி
ஒரு மீன்பேணி எடுப்பித்தேன்.
இரவுக்குக் கறியும் ஆச்சு.