ஏழாம் பாடவேளை

வரலாற்று டீச்சருக்குப் பிரசவ விடுமுறை.
மூன்று மாதத்துக்கு நான்.
அதிபர் தந்த தாளில் ஒரே வரி:
கிரேக்கப் புராணம், அறிமுகம்.

கொட்டாஞ்சேனை, மேல்மாடி, மதியப் புழுக்கம்.
சுவர் விசிறி
இல்லை இல்லை என்று தலையசைத்துக்கொண்டிருந்தது.

மேசையில் இருக்கிற கொப்பியின் பெயரென்ன என்று கேட்டேன்.
அட்லஸ் என்றன முப்பத்தெட்டுக் குரல்கள்.
வானத்தைத் தோளில் தாங்கினவன் அவன் என்றேன்.
"ஏன் டீச்சர், இறக்கி வைக்க ஏலாதா?"
தண்டனை என்றேன்.
மிஃப்ராஸ் தன் புத்தகப்பையைப் பார்த்தான்.
வேறொன்றும் கேட்கவில்லை.

அதன்பின் பாடம் என் கையில் இல்லை.
செலஸ்டின் காலில் நைக்கி,
புறக்கோட்டை நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது,
பெயரில் ஓர் எழுத்துக் கூடுதல்.
வெற்றித் தேவதை அவள், சிறகுள்ளவள் என்றேன்.
"பொய்ச் சிறகு" என்றது பின்வாங்கு.
அதற்கும் கதை இருக்கிறது:
மெழுகு, வெயில், கடலில் விழுந்த பையன்.
ஜன்னலோரம் இருந்த இருவர்
துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலே பார்த்தார்கள்,
இன்னும் யாரும் விழுகிறார்களா என்று.

மாமாவின் கணினியைத் தின்ற வைரஸுக்குள்
மரக்குதிரை நின்றது.
நாள் முழுக்கச் செல்ஃபி எடுக்கும் அக்கா ஒருத்தி
குளத்தில் தன்னைக் கண்டு கரைந்தவனின் உறவுக்காரி ஆனாள்.
கல்லை மலைக்கு உருட்டுகிறவனை
நான் சொல்லி முடிப்பதற்குள்
"அது எங்க அப்பா" என்றான் யோகச்சந்திரன்.
"ஐந்து லாம்புச் சந்தியில தள்ளுவண்டி.
ஆனா டீச்சர், கல்லு திரும்பி உருண்டாலும்
கூலி குடுப்பாங்களா?"
கிரேக்கம் முழுக்கத் தேடினேன்.
அதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

"இந்தச் சாமிகளுக்கு இப்ப கோயில் இருக்கா?"
இடிந்த தூண்கள் இருக்கின்றன என்றேன்.
"அப்ப ஆர் படையல் வைக்கிறது?"
"சப்பாத்துக்கடைக்காரன்!"
வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.
நானும்.
பாடம் நன்றாகப் போகிறது என்று
ஒரு சின்ன மமதை வந்தது அப்போதுதான்.

மணியடிக்கப் பத்து நிமிடம்.
விளைச்சலின் தாயைச் சொன்னேன்.
மகளைப் பாதாளத்தரசன் தூக்கிப் போனதை,
தாய் அழுத அழுகையில் வயல் கருகியதை,
மீட்கப் போனபோது மகள்
மாதுளை முத்துகளைத் தின்றிருந்ததை.
தின்றதனால் ஆண்டில் சில மாதம் கீழேயே இருக்க வேண்டும்,
அதுதான் குளிர்காலம் என்றேன்,
குளிர்காலமே வராத நகரத்தில்.

ஹிஷாமா கையை உயர்த்தினாள்.
மூன்று வாரத்தில் முதல் தடவை.
"பிழை டீச்சர்.
போறது உம்மா.
மகள் மேலதான் ஈக்கிற."

யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷம் எண்டு குவைத்துக்குப் போன.
இப்ப அஞ்சு.
அங்க என்னத்தத் தின்ட எண்டு தெரியா."

மணி அடித்தது.
பைகளை மாட்டிக்கொண்டு
முப்பத்தெட்டு வானங்கள் படியிறங்கிப் போயின.

திங்கட்கிழமை கொப்பிகள் வந்தன.
அவளுடையதில் அரைப் பக்கம்:
முதல் முத்து, கூரைத் தகரம்.
இரண்டாவது, வாப்பாட ஒபரேஷன்.
மூன்றாவது, ராத்தாட கலியாணம்.
நாலாவது, எனக்கு ஃபோன்.
ஐந்தாவதை எழுதி
அழிறப்பரால் தாள் கிழியுமட்டும் தேய்த்திருந்தாள்.

அடியில் சின்ன எழுத்தில்:
அந்த மகள் தின்றது எத்தனை முத்து?
நீங்க சொல்லல்ல.

ஒன்று என்பார்கள், நாலு என்பார்கள், ஆறு என்பார்கள்.
ஆளுக்கொரு கணக்கு.
சிவப்புப் பேனாவை மூடிவிட்டு
நீலத்தில் எழுதினேன்:
எனக்கும் சரியாகத் தெரியாது, ஹிஷாமா.