செவ்வாய், பத்தரை மணி

லிட்டில் ராக்கில் ஆறாவது மாடி.
செவ்வாய்தோறும் பத்தரைக்கு
வெர்னா டிட்வெல்லை அழைக்கிறேன்.
பதினோரு வருடமாக.
முகம் பார்த்ததில்லை.
இருமல் தெரியும்.
அவள் பின்னால் ஓயாமல் சுற்றும்
விசிறிகளைத் தெரியும்.
யாராவது கதவைத் திறந்தால்
தொலைபேசிக்குள் கொட்டும்
ஈரம் காயாத கீச்சொலியைத் தெரியும்.

எத்தனை முட்டை அடைவைத்தீர்கள்?
எத்தனை குஞ்சு பொரித்தன?
பண்ணைகளில் எத்தனை இறக்கினீர்கள்?
இந்த மூன்று கேள்விக்குத்தான்
எனக்குச் சம்பளம், பல் வைத்தியம்,
வருடத்துக்குப் பதினாறு நாள் விடுப்பு.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று ஒரு சொல் உண்டு.
இவற்றை மிதிக்க
ஒரு கோழியும் அங்கே இல்லை.
தட்டு தட்டாய் அடுக்கிய முட்டைகளை
மணிக்கொரு தரம் சாய்த்துக் கொடுக்கிறது
ஒரு இரும்பு அலமாரி.
எல்லாவற்றையும் சுருக்கிவிட்ட கம்பெனிகளால்
அந்த இருபத்தொரு நாளை மட்டும்
இருபதாக்க முடியவில்லை.
கூமுட்டைகளை வெளிச்சத்தில் பார்த்துக் கழித்து,
நூறு நூறாய்ப் பெட்டியிலிட்டு,
விடிவதற்குள் லாரி ஏற்றுவார்கள்.
வெர்னா சொல்வாள், நான் தட்டுவேன்:
பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
பத்து லட்சத்து இருபதாயிரம்.
பத்து லட்சம்.
அங்கே மழையா?
இங்கே தூறல்.
சரி, அடுத்த செவ்வாய்.

பிப்ரவரியில் ஒரு நாள்
மூன்றாவது எண்ணுக்கு முன்னால்
விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.
பிறகு, எட்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் என்றாள்.

பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால்
காரணம் கேட்க வேண்டும் என்பது விதி.
கேட்டேன்.
நான்கு கொட்டகை, என்றாள்.
நோயா?
இல்லை.
பனியில் லாரி மாட்டிக்கொண்டதா?
இல்லை.
புது விசிறி, புது விளக்கு, புதுத் தண்ணீர்க் குழாய்
போடச் சொன்னார்கள்.
பழைய கடனே இன்னும் ஆறு வருடம் பாக்கி.
முடியாது என்றான் ராய்ஸ்.
ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டார்கள்.

ராய்ஸ் யார்?

என் வீட்டுக்காரன், என்றாள்.
எந்தப் பண்ணைக்கு எந்த லாரி என்று
பட்டியல் அடிப்பது நான்தான்.
எங்கள் வரியில் பூஜ்யம் அடித்தேன்.
அழித்தால் மற்ற வரிகள் மேலே ஏறிவிடும்,
அதனால் வரியை விட்டுவைத்திருக்கிறேன்.

என் திரையில் காரணங்களுக்கு எண்கள் உண்டு.
ஒன்று, வானிலை. இரண்டு, நோய்.
மூன்று, மின்தடை.
நான் ஒன்பதை அழுத்தினேன்:
பிற.

அவள் வைத்த பிறகு
பழைய தாள்களைப் புரட்டினேன்.
மூன்று வாரத்துக்கு முன்பே
முட்டைக் கணக்கு இறங்கியிருந்தது.
பதினொரு லட்சத்து இருபதாயிரம்.
ஒன்பதே முக்கால் சதவீதம்தான்,
கேட்க வேண்டியதில்லை.
அன்றும் நான் மழை பற்றித்தான் பேசியிருப்பேன்.
தன் கொட்டகைக்கு வராத குஞ்சுகளை
முட்டையாகவே எண்ணி என்னிடம் ஒப்பித்துவிட்டு,
இங்கே தூறல் என்று அவள் சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை அறிக்கை வெளியானது.
தனி ஒரு பொரிப்பகத்தின் எண்ணை
யாருக்கும் காட்டக் கூடாது, சட்டம்.
எல்லாவற்றையும் கூட்டினோம்.
மாநிலத்தின் மொத்தம்
ஒரு சதவீதம் ஏறியிருந்தது.
சிகாகோவில் யாரோ அதைப் பார்த்து
மக்காச்சோளம் வாங்கியிருக்கலாம்.

அடுத்த செவ்வாய், பத்தரை.
இருமல். விசிறி.
ராய்ஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறான், என்றாள்.
காலணி மாட்டிக்கொண்டு
நான்கு கொட்டகைக்கும் போய்
வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருகிறான்.
எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டால்
சொல்கிறான்.
நேற்று முப்பத்தொரு டிகிரி.
வெளியில் எவ்வளவோ
உள்ளேயும் அவ்வளவே.

பின்னால் யாரோ கதவைத் திறந்தார்கள்.
கீச்சொலி அடங்கும்வரை
இருவரும் காத்திருந்தோம்.

எழுதிக்கொள், என்றாள்.
முட்டை முதலில்.