கையெழுத்துக்கு மேலே

"நீயே எழுதிக் கொண்டு வா,
கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்
குபாத் எசேனோவிச்,
கண்ணாடியைத் துடைத்தபடி,
என் பெயரை இன்னொரு தடவை கேட்டுவிட்டு.
பெகிமாய் என்றேன்.
மூன்றாண்டு அவர் வகுப்பில்
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அதே பெகிமாய்.

இதைக் கேட்கத்தான்
நான்கு நாள் வராந்தாவில் நின்றேன்.
முதல் நாள் அவர் தொலைபேசியில் இருந்தார்.
மறுநாள் கூட்டம்.
மூன்றாம் நாள் கதவு திறந்தே கிடந்தது,
நான்தான் மூடியிருந்தேன்.

படிக்கட்டில் ஜைனூரா.
அவளுக்கும் அதே பதில்.
அதே உதவித்தொகை,
ஜெர்மனியில் நீரியல், இரண்டு ஆண்டு.
எங்கள் பல்கலைக்கழகத்துக்கு
ஒரே ஒரு இடம்.

இரவு விடுதிச் சமையலறை.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
மின் அடுப்பின் கம்பி சிவக்கச் சிவக்க
எழுத உட்கார்ந்தோம், எதிரெதிரே.
"இம்மாணவி மிகுந்த" வரை வந்து
என் பேனா நின்றுவிட்டது.
மிகுந்த என்ன?
கை கூசியது,
யாரோ பெரிய மனுஷியின் கோட்டைப் போட்டுக்கொண்டு
கடைக் கண்ணாடி முன் நிற்பது போல.
ஜைனூரா தன் தாளைக் கசக்கினாள்.
"மாற்றிக்கொள்வோமா?
நீ என்னை எழுது."

அப்புறம் மடமடவென்று வந்தது.
பிப்ரவரியில் நரின் ஆற்றுப் பாலத்தடியில்
கடப்பாரையால் பனியை உடைத்து
அளவுகோலைக் கண்டெடுத்தவர் என்று எழுதினேன்.
மூன்று மொழிகளில் சண்டை போடுவாள் என்று எழுதி
அடித்துவிட்டு
மூன்று மொழிகளில் சரளமானவர் என்று திருத்தினேன்.
சிரித்துக்கொண்டே எழுதினேன்,
அந்தக் கட்டம் வரும்வரை.

நேர்மை.
ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சுழிக்கவும்.

அதே பிப்ரவரியில் பதினோரு நாள்
அவள் ஆற்றுக்குப் போகவேயில்லை.
காய்ச்சல். பொய்க் காய்ச்சல் இல்லை,
கஞ்சி வைத்துக் கொடுத்தது நான்தான்.
ஆனால் அந்தப் பதினோரு எண்கள்
குளிரில் கால் வைக்காதவை,
போர்வைக்குள் பிறந்தவை.
வரைபடத்தில் எத்தனை அழகாக ஏறி இறங்குகின்றன!
நிஜ ஆறு
அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வதில்லை.

கெண்டி கொதித்துச் சத்தம் போடும்வரை
பேனாவைத் தாளுக்கு மேலேயே பிடித்திருந்தேன்.
பிறகு ஐந்தைச் சுழித்தேன்.
கொஞ்சம் அழுத்தித்தான்.
தாளின் மறுபக்கம் தடவினால் தெரியும்.

காலையில் கைமாற்றிக்கொண்டோம்.
"வகுப்பில் வாய் திறக்காதவர்,
ஆற்றங்கரையில் வாய் மூடாதவர்.
கேட்கத் தயங்குவார்,
கேட்டால் அது சரியான கேள்வியாக இருக்கும்."
யார் இந்தப் பெண்?
எனக்கே அவளிடம் பேசிப் பார்க்கத் தோன்றியது.

மூன்றாம் பத்திக்கும் நான்காம் பத்திக்கும் நடுவே
இரண்டு வரி இடம் விட்டிருந்தாள்.
அங்கே வந்திருக்க வேண்டியது எதுவென்று
எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும் என்பதுதான்
அதுவரை தெரியாது.

எசேனோவிச் இரண்டையும் படிக்கவில்லை.
ஒன்றில் கையெழுத்திட்டார்.
மை தீர்ந்து, பேனாவை உதறி,
இன்னொன்றில் இட்டார்.
முத்திரை டீன் அலுவலகத்தில், ரைசாவின் மேசைக்குள்.
ரைசா சாப்பிடப் போயிருந்தாள்.

ஒரே பெஞ்சில் காத்திருந்தோம்.
ஒரு சம்சா வாங்கிப் பிட்டு
பெரிய பாதியை என் பக்கம் நீட்டினாள் ஜைனூரா.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கொழுப்பு விரல்களில் உறையுமுன்
தின்று முடித்தோம்.

டொப். டொப்.
வட்ட முத்திரை, நீல மை.
ரைசா இரண்டு தாள்களையும் தூக்கிப் பார்த்தாள்:
"இரண்டும் அந்த ஒரே இடத்துக்கா?"

ஆமாம் என்றோம்.
உறை ஒட்டுவதற்குப் பசை
அவளிடமே இரவல் கேட்டோம்.
இந்தத் தடவை
நான்தான் கேட்டேன்.