அறுபது நாளுக்கு வருகிறவளுக்கு

உன் பெயர் எனக்குத் தெரியாது.
அலுவலகத்தில் சப்ஸ்டிடியூட் என்றுதான் சொன்னார்கள்.
சாவி இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது,
கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்பு.

டெமோ வகுப்பில் தசமப் புள்ளி எடுத்தாயாம்.
கடைசி வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்த மூவரில்
ஒருவரை எழுப்பிக் கணக்குப் போடச் சொன்னாயாம்.
எனக்கு அது தோன்றவில்லை.
பலகைக்கே பாடம் நடத்தி, முதுகைக் காட்டியே
நான் தவறவிட்ட பள்ளிகள்
நஹ்தாவில் ஒன்று, அஜ்மானில் இரண்டு.

சான்றிதழ் அசலை யாரிடமும் கொடுத்துவைக்காதே.
ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளமும்
கைக்கு வரும் சம்பளமும் ஒன்றுதானா,
கையெழுத்துக்கு முன்னால் கேள்.
நான் பின்னால் கேட்டவள்.
"கணவர் விசாவில்தானே இருக்கிறீர்கள்" என்று சிரித்தார்கள்,
ஏதோ அந்த விசா போய்
வீட்டு வாடகை கட்டிவிட்டு வருவதுபோல.

இனி 5-ஈ.
ஏசி இரைச்சல் போடும். அதற்கு மேல் கத்தினால்
மூன்றாம் நாள் தொண்டை போய்விடும்.
பேசுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நில்.
"என்னாச்சு மிஸ்" என்று அவர்களே கேட்பார்கள்.

முவைலா பஸ் ஐந்தே முக்காலுக்கே கிளம்புகிறது.
முதல் பீரியடில் வாய்பாடு கேட்டு
ஜெயித்தவர்கள் இதுவரை யாருமில்லை.

அப்ரார் எல்லாவற்றுக்கும் கை தூக்குவான்,
எழுந்தால் பதில் இருக்காது.
இருந்தாலும் கேள்.
நவம்பரில் ஒன்று சரியாக வந்தது.
லெவினாவின் கண்ணாடி பைக்குள்ளேயே கிடக்கும்,
முன்வரிசைக்கு மாற்று, காரணம் சொல்லாதே.
இரண்டு தூறல் விழுந்தால் ஜன்னலுக்கு ஓடுவார்கள்.
ஓடட்டும், வருஷத்துக்கு மூன்று தரம்தான்.

பதினொரு மணிவாக்கில் ஒரு சீட்டு வரும்,
கட்டணம் பாக்கி உள்ளவர்கள் பட்டியல்.
வகுப்பில் வாசிக்கச் சொல்வார்கள்.
வாசிக்காதே.
நான் ஒருமுறை வாசித்தேன்,
வருகைப் பதிவு வாசிக்கும் அதே குரலில்.
பத்தொன்பதாம் எண் எழுந்து நின்று
"பிரசென்ட் மிஸ்" என்றான்.
அப்புறம்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்டோபரில் அவன் அப்பாவுக்கு விசா ரத்து.
ஒரு வியாழக்கிழமை டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான்,
ஜியோமெட்ரி பாக்ஸ் இங்கேயே இருக்கிறது.
அந்த எண்ணை நான் யாருக்கும் தரவில்லை.
பதினெட்டு, கொஞ்சம் நிறுத்தி, இருபது.
பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

இன்னொன்று. எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.
இந்த நாற்காலிக்கு நானும்
அறுபது நாளுக்கு வந்தவள்தான்.
பிரசவத்துக்குத் திருவல்லா போன ஷைலஜா
திரும்பி வரக்கூடாது என்று
தினமும் பஸ்ஸில் வேண்டிக்கொண்டேன்.
வரவில்லை.
ஏனென்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

நீயும் வேண்டிக்கொள்வாய். கோபமில்லை.
ஆனால் மார்ச் ஒன்பதாம் தேதி காலை
ஏழாம் நம்பர் பஸ்ஸில் நான் இருப்பேன்,
பால் கட்டிய மார்போடு, திருத்தாத நோட்டுகளுக்கு.

3-ஆ டீச்சர் ஏப்ரலில் கனடா போகிறாள்.
இன்னும் யாருக்கும் தெரியாது.
விண்ணப்பத்தை எச்.ஆரில் மதியம் கொடு,
அவர் சாப்பிட்டு முடித்த பிறகு.

மார்க்கர் மூடியை இறுக்கி மூடு.
அது நம் காசு.