முப்பது மீட்டர்

இரண்டாம் வியாழன். திருச்செங்கோட்டில் மெஸ் மாடி.
கீழே புரோட்டாக் கல்லின் கொட்டு,
மேலே வெண்கல மணி.
அதை அடித்தால்தான் கூட்டம் என்பது விதி.
அடிக்கும் சுத்தியல் போன வருசத் தலைவர் வீட்டில்.
கரண்டியால் அடித்தார் அத்தப்பன்.

நான் செயலாளர். பேட்டரிக் கடை.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதே என் தகுதி.
மினிட் நோட்டில் எழுதினேன்:
வருகை பத்தொன்பது.
போர்வண்டிக்காரர் ஆறு பேர்
மத்தியப் பிரதேசத்தில் பாறை குடைவதால் விடுப்பு.

சிறப்பு விருந்தினர்,
'பணம் தானாக வளர ஐந்து வழி' பேச இருந்தவர்,
பெருந்துறை தாண்டியதும் டயர் வெடித்து நிற்கிறாராம்.
நினைவுப் பரிசில் அவர் பேர் பொறித்தாயிற்று.
பொன்னாடை மட்டும் பழையது,
போன மாதம் சிறுநீரக டாக்டர்
மேசையிலேயே மறந்துவிட்டுப் போனது.

"ஆராச்சும் பேசோணுமல்லொ" என்றார் பொருளாளர்.
"சாப்பாடு ஒம்பதுக்குத்தான்."

கதவோரம் நின்றிருந்தார் சித்தையன்,
சங்கத்துக் குளிர்பெட்டி வண்டியின் டிரைவர்.
டீசல் பில்லுக்குக் கையெழுத்து வாங்க வந்தவர்.
அந்தப் பெட்டியின் பக்கவாட்டில்
எங்கள் எல்லார் பேரும் உண்டு, சிவப்பில்,
பிணத்தின் முகத்தைவிடப் பெரிய எழுத்தில்.
மூன்று வருசமாய் இலவசம்.
என் கணக்கில் இருநூற்றுப் பதினொரு சாவு.

மைக்கை ஊதிப் பார்த்தார்.
"நானென்னங் பேசறது?"
"பொட்டி எப்படிப் போவுதுன்னு சொல்லுப்பா."

"பொட்டி நல்லாத்தானுங் இருக்குது.
ஒயருதான் எட்டறதில்லீங்.
நீங்க குடுத்தது மூணு மீட்டரு.
தறிக்காரங்க லைன் வூட்டுல ஒரே பிளக்கு.
ஃபேனைப் புடுங்குனாத்தான் பொட்டி.
ஃபேனைப் புடுங்குனா
அழுகறவங்க வேர்த்து மயங்கி வுழுகறாங்க.
எர்த்தும் இருக்கறதில்லீங்.
போன ஆவணில ஒரு புள்ள
கண்ணாடி மேல கைய வெச்சுது, சுர்ருனு இழுத்துருச்சு.
அப்பன் கையப் புடிச்சாப்பல இருந்துச்சுன்னு சொன்னா.
எச்சாப் பேசறனுங்களா?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே கல் கொட்டிக்கொண்டிருந்தது.

"கருப்பணன் வூட்டுக்கும் பக்கத்து வூட்டுக்கும்
பொடக்காலிச் சுவத்துனால கேஸு.
ஏழு வருசம் பேச்சில்லீங்.
கருப்பணன் போன அன்னிக்கு
கரண்டு எடுக்க வேற வூடில்ல.
நாங் கேக்கறதுக்கு முன்னால
அந்தம்மா சன்னல் வழியா
ஜங்சன் பாக்ஸைக் கயித்துல கட்டி எறக்கி வுட்டுச்சுங்.
வாயத் தொறக்குல.
இன்னிக்கும் பேசறதில்லீங் ரெண்டு வூடும்.
ராப்பூரா அவுங்க மீட்டர்லதான் ஓடுச்சு.
தறிய நிறுத்திப் போட்டாங்க.
எர்த் இருக்கற வூடு வரைக்கும் எட்டோணுமுங்.
முப்பது மீட்டர் போதும்."

மைக்கைப் படுக்க வைத்தார். அது கீச்சிட்டது.

அத்தப்பன் பொன்னாடையை விரித்தபடி எழுந்தார்.
சித்தையன் பின்னால் நகர்ந்தார்:
"வேண்டாமுங். வண்டில துணி
நெறையக் கெடக்குது."

அப்புறம் விவாதம்.
செம்பா அலுமினியமா.
ரெண்டரை எம்எம் தாங்குமா.
சுருளியில் சங்கத்துப் பேர் போடலாமா என்று
ஒருவர் ஆரம்பித்து,
பாதியில் தண்ணீர் குடிக்கப் போனார்.
தீர்மானம் நான்கு: செம்பு ஒயர், மூன்று கோர்,
முப்பது மீட்டர். ஒருமனதாக.
முன்மொழிந்தவர் என்ற இடத்தில்
உறுப்பினர் பேர்தான் எழுதலாம்.
பேனாவை மூடி வைத்தேன்.
குருமா ஆறிக்கொண்டிருந்தது.

அன்றிரவு என் வீட்டுப் பிளக்குகளை எண்ணினேன்.
இருபத்தாறு.
ஒன்றில் கொசு மருந்து,
ஒன்றில் யாருமில்லாத அறைக்கு ஒரு விளக்கு.

காலையில் நோட்டைப் பிரித்தால்
உள்ளே நாலாய் மடித்த டீசல் பில்.
கையெழுத்து வாங்காமலே போயிருந்தார்.