முப்பதாம் நிலைக்கு மேல்

டுலூத் நகரின் மேட்டுத் தெருவில்
ஓரின் ஹாக்லண்டின் நிலவறையில்
துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் ஓட்டைச் சைக்கிளுக்கும் நடுவே
பதினேழாவது குளிர்காலமாக
உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

காப்பாற்றிக் காப்பாற்றி
உலகத்துக்கே அலுத்துவிட்டது.

என் வாள்வீரனுக்கு நானூற்றுப் பன்னிரண்டு உயிர்ப்புள்ளிகள்.
மலையிலிருந்து தள்ளினால்
எழுந்து தூசி தட்டி
மலைக்கு அடிபட்டதா என்று விசாரிப்பான்.
ராக்ஸேனின் மந்திரக்காரி சூரியனை நிறுத்துவாள்;
ராக்ஸேனுக்குத்தான்
ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்த இடம் கிடைப்பதில்லை.
டுவோமியின் திருடன்
போன வருஷம் ஒரு சமுத்திரத்தையே திருடினான்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
இன்னும் அவன் பொருட்பட்டியலில் கிடக்கிறது,
ஐம்பதடிக் கயிற்றுக்கும் ஆறு தீவட்டிக்கும் கீழே.

செத்தாலும் சாவு தங்குவதில்லை.
ஒரு வைரத்தைப் பொடித்துத் தூவினால்
அடுத்த வெள்ளிக்குள் எழுந்துவிடுவோம்.
சண்டை என்றால், விளையாட்டுக்குள் பதினெட்டு நொடி.
வெளியே பீட்சா ஆறி, இரண்டாம் பீட்சாவும் ஆறி,
பகடைகளை அள்ளிக் கொட்டிக் கூட்டி,
விட்டுப்போனதை மறுபடி கூட்டி,
நள்ளிரவு தாண்டியும் முடியாது.
இருபது முகப் பகடையில் எது விழுந்தாலும்
நாற்பத்தொன்று சேர்த்துக்கொள்வோம்.
விழுவதை யாரும் பார்ப்பதே இல்லை.

ஓரின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன்.
இரவெல்லாம் தள்ளிய தெருவில்
விடியும்போது அதே அளவு பனி கிடக்கும்.
அதனாலோ என்னவோ
வெற்றி பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.
தாதுக் கப்பல்கள் துறைக்குள் முடங்கிய
ஜனவரி வெள்ளி ஒன்றில்
சுருள்கம்பி நோட்டை மேசையில் போட்டான்.
டீசல் நாறியது.

"முப்பதுக்கு மேல் இதுதான் விதி.
சேதத்துக்குப் பகடை வேண்டாம், சராசரி எழுதிக்கொள்.
எதிரே படை வந்தால், படை தோற்றது. மேலே போ.
உங்களைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் இப்போது.
கும்பிடுவது காதில் விழும்.
எல்லாமும் இல்லை, நூறில் ஒன்று. உருட்டிப் பார்.
அப்புறம்..."
கண்ணாடியைத் துடைத்தான். துடைத்தும் மங்கல்தான்.
"சின்னக் காரியத்துக்குக் கூட்டல் கிடையாது."

வரி அலுவலகத்து லவான் பிடித்துக்கொண்டாள்:
சின்னது எது, பெரியது எது, யார் அளப்பது?
டுவோமி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்:
சமுத்திரம் திருடினவன் சாதாரணப் பூட்டில் தோற்பதா?
"சமுத்திரம் ஏந்தின கை," என்றான் ஓரின்,
"ஊசியில் நூல் கோக்குமா?"

ராக்ஸேன் உருட்டினாள். எழுபத்து மூன்று.
அவன் பக்கம் புரட்டி விரல் வைத்து வாசித்தான்:
உப்பு நிலத்து ஓரத்தில் ஒரு பிள்ளை.
அவள் ஆட்டுக்குட்டிக்கு இடக்கண் திறக்கவில்லை.
உன் பெயரைச் சொல்லித்தான் அழுகிறாள்.
கொஞ்சம் தப்பாகச் சொல்கிறாள்.

சூரியனை நிறுத்தியவள்
சேற்றில் மண்டியிட்டாள்.
"பதினொன்று வேண்டும். வெறும் பகடை."

வெறும் பகடை.
லவான் சிப்ஸை வாயிலேயே வைத்திருந்தாள்.
உலர்த்தியின் வயிற்றுக்குள்
ஏதோ சட்டையின் பித்தான் டக் டக்கென்றது.
எத்தனையோ வருஷமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்த நாங்கள்
தலையோடு தலை முட்டக் குனிந்தோம்.

நாலு.

ராக்ஸேன் ஒன்றும் சொல்லவில்லை.
வாரத்தில் ஐந்து நாள் சிறுநீரகப் பிரிவில்
அடுத்தவர் கையில் ஊசி ஏற்றுகிறவள்.
சில நாள் நரம்பு கிடைக்காது.
பிறகு கேட்டாள்:
"குட்டியின் வலக்கண் எப்படி இருக்கிறது?"

ஓரினின் கைபேசி அதிர்ந்தது. ஆறு அங்குலமாம்,
மேட்டுத் தெருக்கள் முதலில்.
ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி
நோட்டில் எழுதினான், பென்சிலால் அல்ல:
ஆடு. இடக்கண் போயிற்று. வைரம் செல்லாது.
"மற்றது அடுத்த வெள்ளி."

படியேறி வெளியே வந்தால்
கார்கள் இருந்த இடத்தில் வெள்ளை மேடுகள்.
நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிக்காரன்
மண்வெட்டியை எடுத்தேன்.
எதன் கீழே ராக்ஸேனின் கார் என்று தெரியவில்லை.
இரண்டாவது மேடாக இருக்கும் என்று
வெட்டத் தொடங்கினேன்.