முரண்பட்ட பிரதி

கொரடாச்சேரி ஆஸ்பத்திரிக் கணினியில்
'ஒன்று' என்று மட்டும் ஒரு குறிப்பு எழுதினேன்.
ஸ்கூட்டரில் திருவாரூர் வந்து
செருப்பைக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்தேன்.
ஒன்று வரவில்லை.
இங்கிருந்து 'இரண்டு' அனுப்பினேன்.
காலையில் போய்ப் பார்த்தால்
இரண்டு இருக்கிறது, ஒன்றைக் காணோம்.
எழுதிய இடத்திலேயே காணோம்.

"மாட்டு டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கும்மா,
ஒரு நோட்டு வாங்குங்க" என்றார் பக்கிரிசாமி.
நோட்டை நான் பேருந்தில் விட்ட கதை அவருக்குத் தெரியும்.
அத்திக்கடையில் போன மாதம்
முந்தின நாள் போட்ட ஊசியையே மறுபடி போடப் போனேன்.
மருந்தை ஏற்றிக் காற்றைத் தட்டி நீக்கிய பிறகு
"நேத்தே போட்டீங்களே" என்றது அந்த வீட்டுப் பிள்ளை,
வாயில் முறுக்கோடு.

கடவுச்சொல்லை மாற்றினேன்.
செயலியை அழித்துத் திரும்ப ஏற்றினேன்.
கம்பியைப் பிடுங்கி ஊதிச் செருகினேன்.
"ரெண்டையும் அணைச்சுப் போடுக்கா" என்றான் தம்பி போனில்.
அணைத்துப் போட்டேன்.
மூன்று நாள் ஒழுங்காக வந்தது.
நான்காம் நாள் மாலை
நட்டு வாரமாகாத சம்பா முங்குகிற மாதிரி ஒரு மழை,
கரண்ட் போய் வந்தது,
'ஒன்பது' போய்ச் சேரவில்லை.

விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்றால்
எப்போது வருகிறது என்று கேட்காமல்
யாருக்கும் நான் மருந்து எழுதுவதில்லை.
இதற்கு மட்டும் கேட்காமலே
பத்து வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.
வந்த நாள். வராத நாள்.
வராத நாளெல்லாம் கரண்ட் போன நாள்.
அப்புறம்தான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன்.
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
பன்னிரண்டு மணி ஆறு நிமிஷம்.

அதன் கணக்கில் நான் நாமக்கல்லில் இரண்டாம் ஆண்டு.
இன்னும் ஒரு மாட்டின் வயிற்றிலும் கைவிட்டதில்லை.
அப்படிப்பட்டவள் எழுதியதை
வீட்டுக் கணினி எப்படி மதிக்கும்?
பழசு என்று தள்ளிவிட்டுத்
தன்னிடம் இருப்பதை அதன்மேல் எழுதியிருக்கிறது.
இதில் யாரைக் குற்றம் சொல்ல.
இரண்டும் சொன்னபடி நடந்திருக்கின்றன.

பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெகபர் வாட்ச் கடையில்
பொத்தான் பேட்டரி முப்பது ரூபாய்.
"எந்த வாட்ச்சுக்கும்மா?"
கணினிக்கு என்றேன்.
அதற்குள்ளும் கடிகாரமா என்று அவர் வியக்கவில்லை,
ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மாட்டியதும்
எழுது, ஏழு, பதினொன்று, பதினான்கு என்று
எண்கள் வரிசை தெரியாமல் வந்து விழுந்தன.
"கடைமடைக்குத் தண்ணி வந்திடுச்சு" என்றார் பக்கிரிசாமி,
நோட்டு வாங்கச் சொன்னதை மறந்து.

கடைசியாக ஒரு பெட்டி முளைத்தது.
முரண்பட்ட பிரதி. எதை வைத்துக்கொள்ள?

தையல்நாயகி வீட்டுக் கிடேரிக் கன்று, செவ்வாய்க்கிழமை.
ஆஸ்பத்திரியில் எழுதியது:
'நிற்க முடியவில்லை. தேறாது.
அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.'
வீட்டில் எழுதியது, இரவு பத்தரைக்கு:
'பால் இரண்டு மிடறு குடித்ததாம். பார்ப்போம்.'

இரண்டும் நான்தான்.
நேரம் இப்போது சரியாக இருக்கிறது,
பிந்தியதை வைத்துக்கொள் என்று
ஒரு பொத்தான்கூடத் தருகிறது.
செவ்வாய்க்குப் பிறகு இரண்டு நாள் ஆகிவிட்டது.
அங்கிருந்து போன் இல்லை,
நானும் செய்யவில்லை.

பெட்டியை மூடாமல் பையை எடுத்தேன்.
ரயில்வே கேட் போட்டிருக்கிறார்கள்.
எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று,
என்ஜினை அணைக்காமல்.